மானம் கப்பலேறிய மத்தியானம்

என் பெண்டாட்டியைக் கப்பல் கொண்டுபோய்விட்டது என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜக் கப்பல். எங்கள் ஊர்ப் பரமசிவன் மலையைப் பெயர்த்து, சாயம் பூசி, மேலே இரும்புப் பெட்டிகளை அடுக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டது மாதிரி ஒரு கப்பல். அதற்குள் அவளை யார் ஏற்றினார்கள், ஏற்றி என்ன செய்வார்கள், ஐம்பதை நெருங்கும் ஒரு போடிக்காரியை வைத்துக்கொண்டு எந்த நாட்டில் என்ன லாபம் என்றெல்லாம் யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. பதறுகிறவனுக்கு அறிவு அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்குக் கோபம். இதை எழுதும்போதும் பாதி மிச்சமிருக்கிறது. யார் மேல் என்பதுதான் மாறியிருக்கிறது.

என் சோலி பச்சை பார்ப்பது. போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவருக்காக, ஏல மையத்தில் உட்கார்ந்து, சாம்பிள் பார்த்து நிறம் சொல்கிறவன். சின்னப் பையில் காய் வரும். உள்ளங்கையில் கொட்டி, குலுக்கி, ஒன்றை நசுக்கி மோந்து, "ஏறலாம்", "வேணாம்" என்று முதலாளி காதில் சொல்ல வேண்டும். பார்த்து முடித்த காயைத் தரையில் வீசிவிடுவோம். அதுதான் அங்கே வழக்கம். ஏலம் நடக்கிற நாளில் ஏலக்காய் மேல்தான் நடந்து போவோம், செருப்புக்கடியில் நொறுநொறு என்று கேட்கும். சாயங்காலம் கூட்டி அள்ளிக்கொள்வார்கள். இருபத்தைந்து வருஷமாக இதே வேலை. பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்று என்னைக் கேட்டால், கேட்டவர் டீ ஆறிப்போகும்.

அவள் பிறந்தது மேலே, மெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில். பனிக்காலத்துக் காலையில் போடிமெட்டில் நின்று கீழே பார்த்தால் எங்கள் ஊர் தெரியாது. பள்ளம் முழுக்க வெள்ளையாய் மூடிக் கிடக்கும். அதுதான் கடல் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறாள். நடுவில் மூட்டம் விலகி லாரி ஒன்று ஊர்ந்தால் அது கப்பல். எங்களுக்குக் கல்யாணம் பேசினபோது அவள் அண்ணன்மார்கள், "இவதேன் கடலுக்குள்ள வாழ்க்கைப்படப் போறாளே" என்று கேலி செய்தார்களாம். வந்து பார்த்தால் கடலுக்குள் பஸ் ஸ்டாண்டு இருந்தது, நான் இருந்தேன்.

நிஜக் கப்பலை ஒருதரம் கிட்டத்தில் பார்க்கணும் என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். "சீசன் முடியட்டும்" என்றேன். ஏலக்காய்க்குச் சீசன் முடிகிற மாதிரி முடியும், மறுபடி தொடங்கும். இருபத்துநாலு வருஷம் அப்படியே ஓடியது. கடைசியில், கொச்சியில் நர்ஸ் வேலை பார்க்கிற எங்கள் மகள்தான் எங்களை வரவழைத்தாள். அவளுக்கு அன்று டூட்டி. அதனால் ஒருநாள் ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டு, எந்தெந்த இடம் என்று அச்சடித்த தாளை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு வரி: மத்தியானம், படகில் போய்க் கப்பல் பார்த்தல். அவள் அந்த வரி மேலே தெரிகிற மாதிரி தாளை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

வழிகாட்டி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கையில் மஞ்சள் குடை. மழையும் இல்லை வெயிலும் இல்லை, அந்தக் குடை விரியவே விரியாது. தூக்கினால் நடக்க வேண்டும், ஆட்டினால் பஸ் ஏற வேண்டும். பாதி தமிழ், பாதி மலையாளம்.

"எல்லாரும் கேட்டோ, இங்க பத்து மினிட்டு மாத்ரம்."

அரண்மனைக்குப் பத்து நிமிஷம். அங்கே சுவர்ச் சித்திரத்தில் முன்னூறு வருஷம் பொறுமையாக நின்றுகொண்டிருந்த சாமிகளுக்கும் அதே பத்து நிமிஷம். இளநீருக்குப் பத்து நிமிஷம். எனக்கு மலையிறங்கும்போதே முழங்கால் வலி, வளைவு வளைவாய் வந்ததில் வயிறும் சரியில்லை. "இது என்ன புள்ள, ஊரைச் சுத்திக் காட்டுறாங்களா, வெரட்டிக்கிட்டுப் போறாங்களா?" என்று முணுமுணுத்தேன்.

"பேசாம வாங்க. கப்பலு வரைக்கும் வாயை மூடிக்கிட்டு வாங்க," என்றாள்.

மூடியிருப்பேன். மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தாமல் இருந்திருந்தால்.

நான் யோசித்துப் பார்க்கிறேன்: போடியிலிருந்து ஒருவனை அத்தனை மைல் கூட்டிவந்து, அவனுக்கு ஏலக்காய் காட்டுவது என்ன நியாயம்? உள்ளே நுழைந்ததும் ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். டம்ளர் வியர்த்து என் கையெல்லாம் ஈரம். குடைக்காரம்மா ஒரு தட்டைத் தூக்கிக் காட்டி, "இது ஏலக்காய். மலை மேலே மரத்துல காய்க்கும்" என்றார்.

மரத்திலா? செடியின் தூரில், மண்ணோடு மண்ணாய்ச் சரம் விட்டுக் காய்ப்பது. அதைப் பறிக்க ஆள் குனிந்தே கிடக்க வேண்டும். என் பெண்டாட்டி கல்யாணத்துக்கு முன்னால் அப்படிக் குனிந்து பறித்தவள்தான். இன்றைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். நான் வாயைத் திறக்கப்போனேன். அவள் முழங்கையால் இடித்தாள்.

"விடுங்க. மரத்துலயே காய்ச்சிட்டுப் போகட்டும்."

விட்டேன். ஆனால் கடைக்காரர் அந்தத் தட்டை எல்லாரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தது. கை தன் வேலையைப் பார்த்தது. ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, குலுக்கி, ஒன்றை நசுக்கி மோந்து, மிச்சத்தைப் பளபளவென்றிருந்த அவர் கடைத் தரையில் வீசினேன்.

தரையில் காய் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"எந்தா சேட்டா இது!" என்றார் கடைக்காரர். எனக்கு உடனே உறைக்கவில்லை. அவர் எதற்குக் கத்துகிறார் என்று என் பின்னால் வேறு திரும்பிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. மன்னிப்புக் கேட்டபடி, வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒரு வடநாட்டுப் பெரியவர் தன் செருப்புக்கடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எழுந்து நின்று உள்ளங்கையைப் பார்த்தேன்.

கை பச்சை.

ஈரக் கை அல்லவா. காயில் ஏற்றியிருந்த சாயம் கையில் இறங்கியிருக்கிறது. மூன்று விரல் முழுக்க, கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பெயிண்ட் அடித்தவன் மாதிரி.

அதற்கப்புறம் நான் பேசினது எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. "சாயக் காயி! இது சாயக் காயி!" என்று தொடங்கினேன். கடைக்காரர், "அது நேச்சுரல் கலர் சேட்டா" என்றார். "நேச்சுரலா? இருபத்தஞ்சு வருசமா இதைத்தேன்யா பாக்குறேன். கையில ஒட்டுற பச்சை காயில பொறக்காது. எம்மூஞ்சியில தேச்சுக் காட்டவா?" தேய்த்தும் காட்டினேன். கன்னத்தில் ஒரு பச்சைக் கோடு. வடநாட்டுப் பெரியவர் வாங்கிய பொட்டலத்தை மெல்லத் திரும்ப வைத்தார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போனில் படம் எடுத்தார். முதலாளியைக் கூப்பிடு என்றேன், வந்தார். புகார் நோட்டைக் கொண்டா என்றேன், தேடினார்கள். குடை இரண்டு தரம் ஆடியது. அவள் என் சட்டையை மூன்று தரம் இழுத்தாள்.

"வாங்க. படகுக்கு நேரமாச்சு."

"இரு புள்ள. இவனை விட்டா ஊருக்கே வித்துருவான்."

"வித்துட்டுப் போறான். வாங்க வெரசா."

நான் போகவில்லை. எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை, அந்தக் கோபம் சரியான கோபம். ஒரு காயைப் பச்சை குறையாமல் ஸ்டோர் என்கிற சூட்டறையில் உலர்த்தி எடுக்க ஒரு ஆள் கண்விழித்துச் சூடு பார்க்க வேண்டும். அதை ஒரு வாளிச் சாயத்தில் கரைக்கிறவனைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பல் நறநறவென்கிறது. ஆனால் சரியான கோபத்துக்கும் நேரம் ஆகும். நாற்பது நிமிஷம் ஆனது. நோட்டில் என் கையெழுத்தும் கூடவே ஒரு பச்சைக் கட்டைவிரல் ரேகையும் விழுந்த பிறகுதான் பஸ்ஸுக்கு வந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குடைக்காரம்மா மைக்கைப் பிடித்தார். "க்ஷமிக்கணும். நேரம் வைகிப்போச்சு. படகு ட்ரிப் இன்னைக்கு இல்ல. வலை இருக்கிற கரையில பத்து மினிட்டு, பின்னே திரும்பிப் போகலாம்."

பஸ்ஸுக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவள் தாளை இன்னொரு மடிப்பு மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒரு பதில் சொல்லியிருப்பேன், இருவரும் சண்டை போட்டிருப்போம், நன்றாக இருந்திருக்கும். நான் முன் சீட்டுக் கோயம்புத்தூர்க்காரரிடம் சாயத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

கரையில் பெரிய பெரிய சீன வலைகள் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தன. நான் குழாயடியில் விரலைத் தேய்த்துக்கொண்டே கோயம்புத்தூர்க்காரருக்கு இரண்டாம் பாகம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வந்து கைப்பையை என் தோளில் மாட்டி, ஏதோ சொன்னாள். நான் "ம்" என்றேன்.

குடை உயர்ந்தது. எல்லாரும் கூடினார்கள். தலை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"சேட்டா, நிங்கள் வைஃப் எவிடே?"

திரும்பிப் பார்த்தேன். இல்லை. வலைக்குப் பக்கத்தில் இல்லை, மீன் கடையில் இல்லை, ஐஸ்கிரீம் வண்டியில் இல்லை. போனை எடுத்து அடித்தேன். என் தோளிலேயே மணி அடித்தது. பையைத் திறந்து அவள் போனை எடுத்தேன். திரையில் "அவர்" என்று வந்தது. அவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு, அரை நிமிஷம் அவர் பேசுவார் என்று நான் காத்திருந்தேன்.

அதற்குப் பின்தான் உறைத்தது. அவள் கையில் போன் இல்லை, பை இல்லை. இந்த ஊரில் எங்கள் மகள் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

"சாரி என்ன கலர்?" என்று கேட்டார் குடைக்காரம்மா.

"பச்சை," என்றேன், டக்கென்று.

"எந்தப் பச்சை?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கக் கூடாது. கேட்டால் எனக்குப் பதில் வந்துவிடும். "எட்டு மில்லி சைசு காயி இருக்குல்ல, ஸ்டோர்ல சூடு சரியா ஏறுனது, அந்தப் பச்சை. ஆனா துவைச்சுத் துவைச்சுக் கொஞ்சம் மங்குனது. ரெண்டாந்தரம்னு சொல்ல மாட்டேன், முதல்தரத்துல கடைசி." அவர் "லைட் பச்சை" என்று எழுதிக்கொண்டார். எழுதினதை எடுத்துக்கொண்டு அங்கே நின்ற போலீஸ்காரரிடம் போனோம். அவர் விசிலை வாயில் வைத்தபடி நாலு பக்கமும் பார்த்தார். படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டார்: "பச்சை சாரி கட்டின ஒரு சேச்சி போனோ?" அவர் யோசித்து, "இல்ல" என்றார். எங்கள் பஸ்ஸில் வந்த எல்லாரும் பச்சை தேடினார்கள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இவுங்களா பாருங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர். அந்த அம்மா என் கன்னத்துக் கோட்டைப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, நான் இல்லீங்க" என்றார்.

அப்போதுதான் அந்தக் கப்பல் வந்தது.

துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிற கப்பல். கரைக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் உள்ள கால்வாயை அடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நகர்ந்து வந்தது. எல்லாரும் போனைத் தூக்கினார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். மேல்தட்டில், கம்பிக்குப் பக்கத்தில், பச்சையாக ஏதோ அசைந்தது.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் ஓடினேன். கப்பலோடு கரையோரமாய் ஓடினேன். "ஏ கப்பலு! நிறுத்து! ஏ, ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினேன். போடி பஸ் ஸ்டாண்டில் தேனி வண்டி கிளம்பிவிட்டால் அதன் தகரத்தில் தட்டுவோம் இல்லையா, அதே மாதிரி கரைச் சுவரில் உள்ளங்கையால் டம்டம் என்று தட்டினேன். கைப்பை முதுகில் அடித்தது. கப்பல் நிற்கவில்லை. முழங்கால்தான் நின்றது. போலீஸ்காரர் என் கையைப் பிடித்தார்.

மூச்சு வாங்க, குடைக்காரம்மா பக்கம் திரும்பினேன். கடையில் மிச்சம் வைத்திருந்த கோபம் எல்லாம் அவர் மேல் இறங்கியது. "பத்து நிமிசம் பத்து நிமிசம்னு எங்களை ஆட்டுக்குட்டி மாதிரி வெரட்டுனீங்களே, அந்தப் படகுல ஒருதரம் ஏத்தி இறக்கிருந்தா இது நடக்குமா? அந்தப் பொம்பள என்ன கேட்டா? ஒரு கப்பலு! அதைக் காட்டத் துப்பில்ல உங்களுக்கு!"

அவர் குடையை இடுக்கிக்கொண்டு நிதானமாகத்தான் சொன்னார். ஆனால் கண் சிவந்திருந்தது. "சேட்டா, கடையில நாப்பது மினிட்டு நின்னது நானோ? அந்த சேச்சி காலையிலேர்ந்து என்கிட்ட மூணு தடவை கேட்டு, கப்பல் எப்போ எப்போன்னு. நிங்கள் ஒரு பிராவசியம் கேட்டோ?"

நான் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். இரண்டு கரைக்கும் நடுவில் கப்பலின் பின்பக்கம் மெல்ல விலகியது. அதற்குப் பின்னால், இத்தனை நேரம் கப்பல் மறைத்திருந்த தண்ணீரில், ஒரு ஜங்கார் நின்றுகொண்டிருந்தது. அக்கரைக்கும் இக்கரைக்கும் வண்டி வாகனத்தையும் ஆளையும் ஏற்றிப்போகிற தட்டையான படகை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கப்பலுக்கு வழிவிட்டு நின்றது, இப்போது எங்கள் கரையைப் பார்த்து வந்தது. பலகை இறங்கியது. ஸ்கூட்டர்கள் இறங்கின, ஒரு மீன் வண்டி இறங்கியது, அதற்குப் பின்னால் அவள் இறங்கினாள்.

தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினேன். குரல் உடைந்துவிட்டது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"எதுக்குக் கத்துறீங்க? கப்பலைப் பாத்தீங்களா?" என்றாள். "ஆத்தாடி! செவுரு மாதிரி வந்து நிக்கிது. அண்ணாந்து பாத்தா கழுத்து சுளுக்குது. நான் இந்தா, இங்ஙன நிக்கிறேன், அது அந்தா, அங்ஙன போகுது. மேல ஒருத்தரு துண்டு காயப்போட்டுக்கிட்டு இருந்தாரு. எனக்குக் கையாட்டுனாரு."

"பச்சைத் துண்டா?"

"ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கோயம்புத்தூர்க்காரர் சொல்ல வாயெடுத்தார், முறைத்தேன்.

"அந்தப் பக்கமிருந்து எவனோ 'ஏ கப்பலு, ஹோல்டான்'னு கத்துனான்," என்று அவள் தொடர்ந்தாள். "பக்கத்துல நின்ன சேச்சி யாருன்னு கேட்டாங்க. எவனோ கிறுக்குப் பயன்னு சொன்னேன்."

குடைக்காரம்மா முதல் தரமாக அந்தக் குடையை விரித்தார். சிரிப்பை மறைக்க. பிறகு கையிலிருந்த காகிதத்தை ஒருதரம் பார்த்தார், அவள் சேலையை ஒருதரம் பார்த்தார், என்னைப் பார்த்தார். காகிதத்தைக் கசக்கினார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். என் விரலில் பச்சை இன்னும் போகவில்லை. "நீ எங்கிட்டச் சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டேன், கொஞ்சம் தணிந்த குரலில்தான்.

"சொன்னேனே. குழாயடியில. 'படகுல ஏத்த மாட்டாங்களாம், நான் அந்த ஜங்கார்ல போயி ஒரு தடவ கப்பலைப் பாத்துட்டு வந்துர்றேன், பையை வச்சிருங்க'ன்னு. நீங்கதேன் 'ம்'னீங்க."

நடந்தது அவ்வளவுதான். அவள் என்னிடம் சொல்லிவிட்டு, இடுப்பில் சொருகியிருந்த சில்லறையில் டிக்கெட் வாங்கி, ஜங்காரில் அக்கரைக்குப் போனாள். திரும்பி வரும்போது நடுவழியில் ஒரு கப்பலைப் பார்த்தாள். அவள் கட்டியிருந்த சேலை ஊதா.